மேலாளர் அறைக் கதவும் குண்டுமணிப் பூட்டும்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் நெருப்பு என்பார்கள். பாவம், அவர்கள் எங்கள் தொழிற்சாலைக்கு வந்ததில்லை. மகத்தான கண்டுபிடிப்பு மடக்குக் கத்தியின் பூட்டுதான். யோசித்துப் பாருங்கள். நீளமான கத்தியைச் சட்டைப்பையில் வைக்க முடியவில்லை என்று மனிதன் அதை மடங்க வைத்தான். மடங்கும் கத்தி அவன் விரல் மேலேயே மடங்கியது. உடனே, மடங்க வைத்ததை மடங்காமல் வைக்க ஒரு பூட்டைச் செய்தான். பிறகு அந்தப் பூட்டை விடுவித்து மறுபடி மடக்க ஒரு பொத்தானையும் வைத்தான். ஒரு சாண் நீளப் பொருளில் இத்தனை முறை மனம் மாறிய உயிரினம் வேறு எதுவும் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. நான் ஓர் எழுத்தாளன். என் படைப்பு ஆண்டுக்கு இரண்டு லட்சம் பிரதிகள் அச்சாகிறது. மடக்குக் கத்திப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டைப் பார்த்திருப்பீர்களே, "வாங்கியமைக்கு நன்றி, கத்தி கூர்மையானது" என்று தொடங்குமே, அது என்னுடையது. பார்த்திருப்பீர்கள் என்றுதான் சொன்னேன். படித்திருப்பீர்கள் என்று சொல்லவில்லை. இருபது வருடத்தில் ஒரே ஒரு வாசகர் கடிதம் வந்தது. என் சீட்டை மேசைக் காலுக்கு அடியில் வைத்ததாகவும், அன்று முதல் மேசை ஆடவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். எழுத்து சமுதாயத்துக்கு முட்டுக்கொடுக்கும் என்று சொல்வதை நான் அன்றுதான் நம்பினேன்.

எங்கள் தொழிற்சாலை முப்பது ஆண்டுகளாக ஒரே பூட்டைத்தான் செய்துவந்தது. முதுகுப் பூட்டு என்று பெயர். பிடியின் முதுகில் ஓர் இரும்புப் பட்டை, பட்டையின் நுனியில் ஒரு பல். கத்தியைத் திறந்தால் அந்தப் பல், அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் டக்கென்று போய் உட்காரும். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கட்டைவிரலால் அழுத்தினால்தான் எழுந்திருக்கும். இந்தப் பூட்டில் ஒரே ஒரு பெரிய குறை உண்டு. அதைப் பற்றிப் பேச ஒன்றுமே கிடையாது. முப்பது வருடத்தில் அதற்காக ஒரு கூட்டம்கூட நடந்ததில்லை. ஒரு நிறுவனம் அப்படி எத்தனை நாள்தான் வாழ முடியும்?

நல்லவேளையாகப் புதிய மேலாளர் வந்தார். இதற்கு முன்பு வாசனைத் திரவியப் புட்டிகளுக்கு மூடி செய்யும் இடத்தில் இருந்தவர். முதல் நாள் உரையிலேயே, பூட்டு என்றால் பார்த்தவன் வாயைப் பிளக்க வேண்டும் என்று கொள்கை விளக்கம் அளித்தார். வாயைப் பிளக்க வைப்பதற்காகவே கண்டுபிடிப்பாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, அதற்கு ஒருவரைப் பிடித்துப் போட்டார். அவர் எப்போதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார். மூடிய கண்ணுக்குள் அடுத்த பூட்டு தெரிகிறது என்று மேலாளர் எங்களுக்குச் சொன்னார்.

முதலில் பிறந்தது வளையப் பூட்டு. கத்தியின் கழுத்தில் ஒரு வளையம். அதை இடப்பக்கம் இரண்டு சுற்று, வலப்பக்கம் அரைச் சுற்று திருப்ப வேண்டும். திறப்பது சுலபம், மூடுவதுதான் யாருக்கும் கைகூடவில்லை. ஒரு வாடிக்கையாளர் மூட முடியாமல், திறந்த கத்தியைக் கையில் நீட்டிப் பிடித்தபடியே நான்கு தெரு நடந்து கடைக்கு வந்தார். வழியெல்லாம் ஜனம் விலகி வழிவிட்டதாம். தனக்கு இவ்வளவு மரியாதை இதுவரை கிடைத்ததில்லை என்று சொல்லிவிட்டு, கத்தியைக் கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தது கூச்சப் பூட்டு. பிடியின் வயிற்றில் எங்கோ ஓர் இடத்தில் அழுத்தினால் பூட்டு விடும். எந்த இடம் என்பது அழகு கருதி மறைக்கப்பட்டிருந்தது. கண்டுபிடிப்பாளருக்கே சில நாள் பிடிபடாது. "பொறுமையுடன் தடவிப் பார்க்கவும்" என்று நான் துண்டுச்சீட்டில் எழுதினேன். அந்த வரி சற்று வேறு மாதிரி இருக்கிறதென்று எங்கள் வக்கீல் அதை அடித்துவிட்டார்.

மூன்றாவதுதான் இந்தக் கதையின் நாயகன், குண்டுமணிப் பூட்டு. பிடிக்குள் ஒரு சின்னக் குழி. குழிக்குள் குண்டுமணி அளவில் ஓர் எஃகு உருண்டை. கத்தியைத் திறந்தால் உருண்டை குழியிலிருந்து உருண்டு வந்து, அலகுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். வந்து நிற்கும்போது "டிங்" என்று ஓர் ஓசை வரும். மேலாளர் அந்த ஓசையை முதல் தடவை கேட்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழி தோண்ட இடம் வேண்டுமே என்று, பழைய முதுகுப் பூட்டின் பல்லை அரத்தால் ராவி எடுத்துவிட்டார்கள். பல் இருந்தால் இன்னும் பத்திரம் இல்லையா என்று நான் ஒரு வார்த்தை கேட்டேன். கண்டுபிடிப்பாளர் மூடிய கண்ணால் என்னைப் பார்த்து, அதெல்லாம் பழைய சிந்தனை என்றார். நான் உடனே புதிய சிந்தனைக்கு மாறிவிட்டேன். எனக்கு அதிலெல்லாம் வறட்டுப் பிடிவாதம் கிடையாது.

பிடிவாதம் எல்லாம் கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கேதான் என் அக்கா புருஷன், அதாவது அத்தான், வேலை பார்த்தார். அவர் வேலைக்குப் பெயர் தட்டிப் பார்ப்பது. கத்தியைத் திறந்து, அலகின் முதுகுப் பக்கத்தை ஒரு மரக்கட்டையில் ஓங்கி மூன்று தட்டு தட்ட வேண்டும். மடங்காவிட்டால் பெட்டிக்குப் போகும். மடங்கினால் சிவப்புத் தட்டுக்குப் போகும். பெட்டியில் போகும் ஒவ்வொரு கத்தியோடும் "தட்டிப் பார்த்தது" என்று ஒரு சின்ன வில்லைச் சீட்டு, அதில் அவர் கையெழுத்து. பதினான்கு வருடமாக அதே கட்டை, அதே கையெழுத்து, அதே பத்து விரல். விரல் மிஞ்சியதற்குக் காரணம், அவர் பிடிக்கும் விதம். பிடியைச் சுற்றி விரலை வளைக்கவே மாட்டார். குழந்தையின் கன்னத்தைப் பிடிப்பதுபோல் இரண்டு பக்கத்தையும் மட்டும் பிடித்துக்கொள்வார். பூட்டு விட்டாலும் அலகு காற்றில்தான் மடங்கும்.

ஒருநாள் காலை அவர் மாடிப்படி ஏறி என் மேசைக்கே வந்தார்.

"மாப்ள, குண்டுமணி சரியில்ல. மூணாவது தட்டுல உருண்டை எந்திரிச்சு குழிக்குள்ள போயிடுது. அது போனா அலகைப் பிடிக்க ஒண்ணுமில்ல. பல்லைத்தான் பிடுங்கிட்டாங்களே."

எத்தனை கத்தி அப்படி என்று கேட்டேன்.

"நாப்பதுக்கு ஒம்பது. மிச்சம் முப்பத்தொண்ணும் இன்னிக்கு நல்ல பிள்ளையா இருக்கு, அவ்வளவுதான். வாங்குறவன் விரல்ல மடங்கும் மாப்ள. இது வெளிய போகக் கூடாது."

எழுதிக் கொடுங்கள் என்றேன். மூன்று வரி எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் எட்டு நாளில் நான்கு மேசைகளைக் கடந்து, ஐந்தாவது மேசையில் ஒரு தேநீர்க் கோப்பைக்கு அடியில் குடியேறியது. ஆனால் அதே நேரத்தில் அத்தான் இன்னொரு காகிதமும் அனுப்பியிருந்தார்: சிவப்புத் தட்டு நிரம்பி வழிகிறது, இன்னொரு தட்டு வேண்டும். அது மட்டும் ஒரே நாளில் மேலாளரிடம் போய்விட்டது. நிலைமையின் தீவிரத்தை உணர்ந்த மேலாளர், "சிவப்புத் தட்டுப் பற்றாக்குறை குறித்த எழுவர் உயர்மட்டக் குழு" ஒன்றை அமைத்தார். மேலாளர் தலைவர், கண்டுபிடிப்பாளரும் வக்கீலும் முக்கிய உறுப்பினர்கள், குறிப்பெழுத நான். மற்ற மூவர் பிஸ்கட்டுக்காக வந்தவர்கள். அவர்களைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன், கொண்ட குறிக்கோளை நிறைவேற்றினார்கள்.

முதல் கூட்டத்தில் தட்டுக்குப் பச்சை நிறம் அடிப்பதென்று ஒருமனதாக முடிவாயிற்று. அடிக்கப்பட்டது. பச்சைத் தட்டும் நிரம்பி வழிந்தது.

இரண்டாவது கூட்டத்தில் கண்டுபிடிப்பாளர் பிரச்சினையின் ஆணிவேரைப் பிடித்தார். பூட்டில் குறையில்லை, தட்டுபவர் பலமாகத் தட்டுகிறார். எந்த வாடிக்கையாளராவது கத்தியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மரக்கட்டையில் மூன்று தடவை அடிப்பாரா? இதைக் கேட்டதும் அறையில் எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. கத்தி மரத்தில் சிக்கினால் ஆட்டி இழுப்பார்கள், அதுவும் தட்டுவது மாதிரிதான் என்று அத்தான் எழுதியிருந்ததை நான் வாசிக்கலாமா என்று பார்த்தேன். அது தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருந்தது. கோப்பை மேலாளருடையது.

வக்கீல் ஒரு சொல்லை மட்டும் திருத்தினார். "மடங்குதுன்னு எங்கயும் எழுதாதீங்க. கத்தி பணிவா இருக்குன்னு எழுதுங்க." அன்றிலிருந்து எங்கள் ஆவணங்களில் மடங்கும் கத்தி எதுவும் இல்லை. பணிவுள்ள கத்திகள்தான் உண்டு.

அப்படியானால் சராசரி மனிதன் ஒரு பொருளை எவ்வளவு பலமாகத் தட்டுவான்? இதற்கு உலகில் எங்கும் புள்ளிவிவரம் இல்லை என்பதை மூன்றாவது கூட்டம் கண்டறிந்தது. மேலாளர் நெற்றியைத் தடவி யோசித்தார். மனிதன் அன்றாடம் தட்டுவது எதை? கதவை. கைவசம் இருக்கும் கதவு எது? அவருடைய அறைக் கதவு. எனவே அவர் உள்ளே உட்கார்ந்து கவனிப்பது, நாங்கள் ஒவ்வொருவராக வெளியே போய் அவர் கதவைத் தட்டுவது, அதன் சராசரியைத் தரமாக நிர்ணயிப்பது என்று முடிவாயிற்று. அறிவியல் இப்படித்தான் வளர்கிறது.

கண்டுபிடிப்பாளர் ஒற்றை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்றார். வக்கீல் தட்டுவதற்கு முன் தொண்டையைச் செருமினார். செருமலே போதும் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பிஸ்கட் உறுப்பினர்கள் மூவரும் சேர்ந்து ஒரே தட்டாகத் தட்டினார்கள். அடுத்தது நான். என் கை கதவைத் தொட்டதா இல்லையா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. கடைசியாக, ஒப்பிட்டுப் பார்க்க அத்தானை வரவழைத்தார்கள். அவர் வந்தார். கதவைத் திறக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒரு மனிதன் எப்படித் தட்டுவானோ, அப்படித் தட்டினார். கதவில் இருந்த பெயர்ப்பலகை கழன்று விழுந்தது. உள்ளே மேலாளர் மேல் தேநீர் கொட்டியது.

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. "கத்தியைத் தட்டிப் பார்க்கும் பலம், ஊழியர் ஒருவர் மேலாளர் அறைக் கதவைத் தட்டும் பலத்துக்கு மேற்படலாகாது." இதற்குத் தட்டல் தரம் என்று பெயரிட்டு, சட்டம் போட்டு மாட்டினோம். அத்தானுக்குக் கை கனம் என்று பதிவாயிற்று. மென்மையான கை யாருடையது என்று பார்த்ததில், தொழிற்சாலையிலேயே மிக மென்மையான கை ஓர் எழுத்தாளனுக்குச் சொந்தமானது என்று தெரியவந்தது. ஆக, தட்டல் அதிகாரியாக நான் நியமிக்கப்பட்டேன். அத்தானை, எட்டாகச் சீட்டு மடித்துப் பெட்டியில் வைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதாவது, என் சீட்டு.

என் தட்டலில் ஒரு கத்தியும் மடங்கவில்லை. பச்சைத் தட்டு காலியாகவே கிடந்தது; யாரோ அதில் பூச்செடி வைத்தார்கள். நாற்பதாயிரம் வில்லைச் சீட்டுகளில் "தட்டிப் பார்த்தது" என்று கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போட்டதில்தான் என் விரல் வலித்ததே தவிர, தட்டியதில் இல்லை.

இதில் எதிர்பாராத ஓர் இலக்கிய நன்மையும் விளைந்தது. மடிக்க வேண்டியிருந்ததால் அத்தான் என் துண்டுச்சீட்டைப் படித்தார். முழுதாகப் படித்தார். இருபது வருட எழுத்து வாழ்வில் எனக்குக் கிடைத்த முதல் வாசகர். மதிய இடைவேளையில் வந்து விமர்சனமும் சொன்னார்.

"நல்லாத்தான் எழுதுறே. ஆனா பணிவு கிணிவுன்னா யாருக்கு மாப்ள புரியும்? 'அடிபட்டா மடங்கும், விரல் போயிடும்'னு ஒரே ஒரு வரி போடு. அதைப் போட்டா போதும், நான் வேற எதுவும் கேக்கல."

அவர் தனக்காக எதுவும் கேட்கவில்லை என்பதுதான் சங்கடமாக இருந்தது. பழைய வேலையைத் திருப்பிக் கேட்டிருந்தால், மேலிடத்தில் பேசுகிறேன் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் கேட்டதோ ஒரு வரி, அதுவும் என் கையில் இருக்கும் வரி. வேறு வழியில்லாமல் அதை வக்கீலிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் தூக்கி எறியவில்லை, செம்மைப்படுத்தித் தந்தார். அச்சில் அது இப்படி வந்தது: "கத்தி அதிர்வுக்கு உள்ளாகுமிடத்து, சூழ்நிலைக்கேற்பத் தன் தொடக்க நிலையை நாடக்கூடும். அத்தருணத்தில் விரல்கள் பிறிதோரிடத்தில் இருப்பது விரும்பத்தக்கது." அத்தான் அதை நான்கு தடவை படித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

குண்டுமணிக் கத்தியின் திறப்பு விழா ஒரு திங்கட்கிழமை காலை முற்றத்தில் நடந்தது. கத்தியைத் திறப்பதால் அது உண்மையிலேயே திறப்பு விழாதான். நாற்பதாயிரம் பெட்டிகள் லாரியில் ஏறத் தயாராக ஒரு பக்கம், நாற்பது கடைக்காரர்கள் நாற்காலியில் ஒரு பக்கம். மேலாளர் ஒலிபெருக்கியில் கத்தியை வைத்து "டிங்" ஓசையை மூன்று தடவை ஒலிக்கவிட்டார். கடைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். கொள்கை நிறைவேறியது.

அப்போது இரண்டாவது வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். ஆணி, கொக்கி, சுத்தியல் விற்கும் கடை வைத்திருப்பவர். மூக்குக் கண்ணாடி தடிமனாக இருந்தது. பெட்டியைத் திறந்து வில்லைச் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பதினாலு வருஷமா வேற கையெழுத்துல்ல வரும். இது யாரு?"

மேலாளர் என்னைக் காட்டினார். அந்த அம்மா என்னைத் தட்டிக் காட்டச் சொன்னார். நான் மேடையேறி, தட்டல் தரத்துக்கு ஒரு நூலிழையும் பிசகாமல் மூன்று தட்டு தட்டினேன். கட்டைக்கே தெரிந்திருக்காது.

"இதைத் தட்டுறதுன்னு சொல்றதா, தடவுறதுன்னு சொல்றதா?" என்று அவர் கேட்டார். பிறகு, பழைய ஆள் எங்கே என்றார்.

பழைய ஆள் பின்வரிசையில் கையில் ஒரு கட்டுத் துண்டுச்சீட்டோடு நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டார்கள். வந்தார். கத்தியை வாங்கி, வழக்கம்போல் இரண்டு பக்கமும் மட்டும் பிடித்துப் பார்த்தார். தட்டவில்லை.

"நான் தட்டினா கை கனம்னு சொல்லுவாங்க. அதனால நான் தட்டல. வாங்குறவங்க பிடிக்கிற மாதிரி நாலு விரலையும் உள்ள மடக்கிப் பிடிச்சு, இங்க இருக்கிற பெரியவங்கள்ல யாராவது ஒருத்தர் ஓங்கி மூணு தட்டு தட்டட்டும். மடங்கலைன்னா அத்தனை பெட்டியையும் நானே லாரியில ஏத்துறேன்."

மேலாளர் புன்னகையோடு கத்தியை வாங்கி, அதே புன்னகையோடு கண்டுபிடிப்பாளரிடம் கொடுத்தார். பெற்றவரே பிள்ளையை அடிப்பது முறையல்ல என்று கண்டுபிடிப்பாளர் அதை வக்கீலிடம் நீட்டினார். இந்த விவகாரத்தில் தான் நடுநிலை வகிக்க வேண்டியவர் என்று வக்கீல் அதைத் தொடாமலே தள்ளினார். பிஸ்கட் உறுப்பினர்கள் மூவரும் ஏற்கனவே பந்தலின் மறுபக்கம் போய்விட்டிருந்தார்கள். உயர்மட்டக் குழு ஒன்று இவ்வளவு வேகமாகச் செயல்பட்டு நான் பார்த்ததில்லை. கத்தி என் கையில் இருந்தது.

நான்கு விரலையும் பிடியைச் சுற்றி மடக்கினேன். நாற்பதாயிரம் தடவை கையெழுத்துப் போட்டவன், அலகு மடங்கினால் எங்கே விழும் என்று அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். நான்கு விரலின் நடுக்கணு மேல், ஒரே கோட்டில் விழும். கையை ஓங்கினேன். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

அத்தான் எனக்குப் பக்கத்தில் வந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"வேணாம் மாப்ள. விரலை எடுத்துடு. 'தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்'னு இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்."

பாதியைச் செய்தேன். விரலை எடுத்துவிட்டேன். மீதிப் பாதிக்கு வாயைத் திறக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் எத்தனை பலமாகத் தட்டினாலும் விடாத பூட்டு ஒன்று உண்டென்று அந்த நிமிடத்தில் கண்டுகொண்டேன். அதற்கு வளையம் கிடையாது, உருண்டை கிடையாது. அதற்குப் பெயர் வாய்ப்பூட்டு. அது என்னிடமே இருந்தது.

மேலாளர் ஒலிபெருக்கியை எடுத்தார். எங்கள் தட்டல் அதிகாரி இந்தக் கத்தி மேல் வைத்திருக்கும் மரியாதையைப் பாருங்கள், அதை அடிக்க அவருக்கு மனம் வரவில்லை என்றார். கைதட்டல் வானைப் பிளந்தது. நாற்பது பேருக்கு நானூறு விரல். அன்றைக்கு எல்லாமே இருந்தன. கண்ணாடி போட்ட அந்த அம்மா மட்டும் தட்டவில்லை. தன் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தார். அத்தான் துண்டுச்சீட்டுக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அவரும் வாசலைத் தாண்டிப் போனார். லாரிகள் அதே வாசல் வழியாக அவருக்குப் பின்னால் போயின. அவர் இப்போது ஒரு கோடாலிப் பட்டறையில் காம்பு பொருத்தியதைத் தட்டிப் பார்க்கிறார். அங்கே அவரை மெதுவாகத் தட்டு என்று யாரும் சொல்வதில்லையாம்.

அந்த வாரக் கடைசியில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நல்லெண்ணத்தோடு ஒரு குண்டுமணிக் கத்தியைப் பரிசாகக் கொண்டுபோயிருந்தேன். "டிங்" என்று திறந்தும் காட்டினேன். அவள் தன் கையில் இருந்த பழைய கத்தியை நிறுத்தாமலே பேசினாள்.

"இதுக்குப் பூட்டே கிடையாது. ஏன்னா, இது மடங்காது. இவரும் அப்படித்தான். நம்ம குடும்பத்துல மடங்குறது ஒண்ணே ஒண்ணுதான், அது இரண்டாவது மாடியில உக்காந்து சீட்டு எழுதுது." பிறகு, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன். அன்று சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் இறங்கியது, அதுதான் எனக்கே கேவலமாக இருந்தது.

மூன்று வாரத்தில் கடிதங்கள் வரத் தொடங்கின. வில்லைச் சீட்டில் என் கையெழுத்து இருந்ததால் எல்லாமே என் பெயருக்குத்தான் வந்தன. இதுவரை பதினேழு. ஒரு தச்சர், ஒரு செருப்புத் தைப்பவர், ஒரு பள்ளிக்கூட ஓவிய ஆசிரியை, தோட்டத்தில் ஒட்டுக் கட்டும் ஒரு பெரியவர். இருபது வருடம் வாசகர் கடிதத்துக்கு ஏங்கியவனுக்குக் கிடைத்த அறுவடை அது. எல்லாக் கடிதத்திலும் எழுத்து பெரிது பெரிதாக, முதல் வகுப்புக் குழந்தை எழுதியதுபோல் கோணலாக இருந்தது. "வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்" என்று தச்சர் எழுதியிருந்தார். அடுத்த வரியில், பணிவு என்றால் என்ன என்று இப்போது புரிகிறது என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைக் குழுவில் வாசித்தபோது எனக்கு நடுவில் குரல் கொஞ்சம் கம்மியது. தூசி என்று நினைத்து ஜன்னலை மூடினார்கள்.

குழு பதினேழு கடிதங்களையும் தீர ஆராய்ந்தது. கட்டுப் போட்டது போன்ற சொந்த விவகாரங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஓர் உண்மை பளிச்சென்று தெரிந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இடது கைப் பழக்கம் உள்ளவர்கள். இத்தனை நாள் அவர்களைப் புறக்கணித்துவிட்டோமே என்று மேலாளர் மிகவும் வருந்தினார். கண்டுபிடிப்பாளர் அன்று இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். இடது கைக்கென்றே தனிக் குண்டுமணிக் கத்தி தயாராகிக்கொண்டிருக்கிறது. அதன் துண்டுச்சீட்டைத்தான் நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து விரலாலும் தட்டச்சு செய்கிறேன். குழுவின் எழுபது விரல்களும் நலம்.

நேற்று அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை. அந்தப் பதினேழு பேருக்காகப் போய்த் தட்டிக் கேட்டாயா, இல்லையா என்று ஒரே கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இன்று காலை கடிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். பெயர்ப்பலகையை இப்போது நான்கு திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு ஓங்கித் தட்ட வேண்டும், பலகை விழுந்தால் விழட்டும் என்று படியேறும்போதே நினைத்துக்கொண்டேன். கையையும் ஓங்கினேன். உள்ளே அவர் கத்தியைத் திறந்து மூடி "டிங்", "டிங்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் கை, பழக்கதோஷம், தட்டல் தரத்துக்கு ஒரு நூலிழையும் மேற்படாமல் கதவைத் தொட்டது. கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடிதங்களோடு என் இடத்துக்குத் திரும்பினேன்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அங்கே உட்கார்ந்து எழுதினேன். இருபது வருடத்தில் வக்கீல் கை படாமல் நான் எழுதிய முதல் வரி அது, அதில் ஒரு பொய்யும் இல்லை: "தட்டினேன். கேட்கவில்லை."